புள்ளி வைக்காத கடிதம்

ஏற்காடு பஸ் நிலையத்துக்கு எதிரே தஸ்லீமா கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாள். வாழவந்தியிலிருந்து நர்ஸ் சிவரஞ்சனி வந்தாள். ஜெர்மனியில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்ப, ஜெர்மன் மொழியில் தானே எழுதிய விண்ணப்பம் அவள் கையில் இருந்தது.

"ஏனுங்கக்கா, சில எழுத்துக்கு மேல ரெண்டு புள்ளி இருக்குது பாருங்க. அதை மட்டும் விட்டுறாதீங்க."

கீபோர்டில் அப்படி எழுத்தே இல்லை. கடையில் கூட்டம் வேறு. வெளியே வாழவந்தி பஸ் ஹாரன் அடித்தது.

"நீ பஸ்ஸைப் புடி கண்ணு. நான் அடிச்சு அனுப்பிடறேன்."

கடையின் மெயிலிலிருந்து, புள்ளி இல்லாமலே அனுப்பினாள். சிவரஞ்சனி போனில் கேட்டபோது, "எல்லாம் வெச்சுட்டேன்" என்று வாய் கூசாமல் சொன்னாள்.

சில வாரம் கழித்துப் பதில் வந்தது. இடமில்லை என்று எழுதியிருந்தார்கள். ஜெர்மனில் möchte என்றால் விரும்புகிறேன். புள்ளி போனால் mochte, முன்பு பிடித்திருந்தது என்று ஆகிவிடும். 'உங்களிடம் வேலை செய்ய எனக்கு முன்பு பிடித்திருந்தது' என்று ஒருத்தி எழுதினால் யார்தான் கூப்பிடுவார்கள்? கடிதம் முழுக்க இப்படியே இருந்ததால், மொழிப் பயிற்சி போதாது என்று முடித்திருந்தார்கள்.

கடைக்கு வந்து அதைப் படித்த சிவரஞ்சனியின் முகம் சுருங்கிப்போனது. "நாந்தான் அவசரத்துல தப்பா எழுதிட்டனாட்ட இருக்குதுங்க. நொம்ப நாள் படிச்சும் புத்தி வல்லை."

தஸ்லீமா வாயைத் திறக்கவில்லை. சிவரஞ்சனி போன பிறகு கடையில் உட்காரவே முடியவில்லை. கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். செட்டிங்கில் ஜெர்மன் மொழியைச் சேர்த்ததும் ä, ö, ü, ß எல்லாம் திரையில் வந்து நின்றன. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அது அவளை இன்னும் குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை வாழவந்திக்குப் போய், வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"தப்பு உன் மேல இல்ல கண்ணு. நான் புள்ளி வெக்கவே இல்ல. வெச்சேன்னு பொய் சொல்லிட்டேன்."

சிவரஞ்சனி, "எழுத்து இல்லீனு அன்னைக்கே சொல்லியிருந்தா, புள்ளிக்குப் பதிலாப் பக்கத்துல ஒரு e சேத்துப் போடச் சொல்லியிருப்பனுங்க. அதுவும் சரிதான்னு ஒத்துக்குவாங்க" என்றாள்.

தஸ்லீமாவுக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பிழை தன்னுடையது என்று மருத்துவமனைக்குத் தன் பெயரிலேயே எழுதினாள். இந்த ஆண்டு இடம் நிரம்பிவிட்டது, அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது.

சிவரஞ்சனி பழையபடி சேலத்து ஆஸ்பத்திரி வேலைக்கே போய்வருகிறாள். வழியில் பார்த்தால், "நல்லாருக்கீங்களாக்கா?" என்று கேட்கிறாள். கடைக்குள் மட்டும் வருவதில்லை.