மூன்று தடவையும் சுத்தம்

குருவி கடைசியாகச் சிறுநீர் கழித்துப் பதினோரு மணி நேரம் ஆகியிருந்தது. முந்தின நாள் மாலை ஏழு மணி. அது தாய்க்கு நிச்சயமாகத் தெரியும். சட்டை ஆலையில் காலர் தைத்து முடித்து வீட்டுக்கு வந்து, குருவியைக் கையில் வாங்கியதுமே மடி நனைந்தது. "அம்மாவுக்குத் தண்ணி தெளிச்சு வரவேற்பு கொடுக்குறா பாரு" என்று ஓரகத்தி சிரித்தாள். அதற்கப்புறம் வயிற்றுப்போக்கு மட்டும்தான்.

காலை ஆறு மணிக்கு வார்டில் நர்ஸ் கேட்டபோது இதைத்தான் சொன்னாள். நர்ஸ் குழந்தையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டாள். மடிப்பு உடனே படியவில்லை. நனைந்த துணியைக் கிள்ளியதுபோல நின்று, மெல்ல மெல்லத்தான் இறங்கியது.

"எத்தனை நாளா போகுது?"

"இருபத்திமூணு நாளா, சிஸ்டர்."

"இருபத்திமூணு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

நடுவில் இரண்டு தடவை இதே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். பாக்கெட் மருந்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தாள். கிருமி இல்லை என்ற ரிப்போர்ட்டைப் பார்த்து, பாலை நிறுத்தச் சொன்னார்கள். குழந்தை பால் பாட்டிலைக் கண்டு கை நீட்டி அழுததையும் பார்த்துக்கொண்டு நிறுத்தினாள். ஆனால் கேள்வி கேட்பவர் முன்னால் அவளுக்கு எப்போதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பதில் சொன்னது டப்பா அக்கா. "இது எங்க ஆய்வுல இருக்கிற பிள்ளை சிஸ்டர். பதினாலு மாசம். எல்லா ரிப்போர்ட்டும் இருக்கு, டாக்டர் வந்ததும் காட்டுறேன்."

அவளை அந்தத் தெருவே டப்பா அக்கா என்றுதான் கூப்பிடும். ஏழைக் குழந்தைகள் சாப்பிட்டும் ஏன் வளர்வதில்லை என்று குடலை ஆராயும் ஒரு ஆய்வில் அவளுக்கு வேலை. மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கூட்டரில் நீல நிற ஐஸ் பெட்டியோடு வருவாள். வீட்டுக்கு ஒரு வெள்ளை டப்பா. மூடிக்குள்ளேயே ஒரு குட்டிக் கரண்டி ஒட்டியிருக்கும். அன்று காலைக் குழந்தை போன மலத்தில் ஒரு கரண்டி எடுத்து, மூடித் தர வேண்டும். இன்று விடிகாலையில் தாய் போன் செய்ததும் அவள்தான் ஸ்கூட்டரிலிருந்து ஐஸ் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, தாயையும் பிள்ளையையும் அந்த இடத்தில் உட்காரவைத்துக் கொண்டுவந்து சேர்த்தாள். கணவன் சாலை போடும் வேலைக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது. அவன் போனை எடுக்கவில்லை.

குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்க நான்கு தடவை குத்தினார்கள். நான்காவது தடவைக்குக் குருவி அழவில்லை. அழுதிருக்கலாமே என்று தாய்க்கு இருந்தது.

வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். ஒவ்வொன்றிலும் நடுவில் ஓட்டை போட்ட ரெக்சின் விரிப்பு, ஓட்டைக்குக் கீழே வாளி. வாளியில் விழுவதை அளவு பார்த்து அட்டையில் எழுதினார்கள். வேறெங்கும் சமையலும் மாமியாரும் பேச்சாக இருக்கும். இங்கே பேச்சு முழுக்க வாளியைப் பற்றித்தான்.

"எங்களுக்கு நேத்து பச்சையா இருந்துச்சு, இன்னைக்கு மஞ்சளாயிடுச்சு" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி, பரீட்சையில் பிள்ளை தேறியதுபோல.

"என்னமோ பட்டுப்புடவை எடுக்கிற மாதிரி பேசுறியே" என்றாள் எதிர்க் கட்டில்காரி.

"நீ மட்டும் என்ன, காலையில இருந்து வாளியைத்தானே எட்டி எட்டிப் பாக்குற."

இருவரும் சிரித்தார்கள். குருவியின் தாயும் சிரித்துவைத்தாள்.

பத்து மணி சுமாருக்குக் குருவி சிறுநீர் கழித்தாள். இரண்டே கரண்டி இருக்கும், அடர் மஞ்சள். பக்கத்துக் கட்டில்காரி கை தட்டினாள். குழந்தையின் கண்ணில் கொஞ்சம் ஈரம் வந்திருந்தது. குருவி என்று பெயர் வைத்தது ஓரகத்திதான். ஆறு கிலோ இருநூறு கிராம். ஓரகத்தியின் மகன் குண்டனுக்கும் இவளுக்கும் ஒரே வயது. ஒரே வீட்டில், ஒரே குழாய்த் தண்ணீரில், ஒரே பாத்திரத்துச் சோற்றில் வளர்கிறார்கள். குண்டனைத் தூக்கினால் இடுப்பு வலிக்கும். குருவியைத் தூக்கினால் தூக்கியதே தெரியாது.

பதினொரு மணிக்கு டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண், கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கண்ணுக்குக் கீழே கருவளையம். டப்பா அக்கா பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து வரிசையாகக் கட்டில் மேல் பரப்பினாள். ஒவ்வொரு தாளிலும் குருவியின் ஆய்வு எண் இருந்தது.

"மூணு மாசமா மூணு டப்பா டாக்டர். எங்க லேப் ரொம்பப் பெருசு. புழு, பூச்சி, கிருமி எல்லாத்தையும் தேடுவாங்க. மூணு தடவையும் சுத்தம்."

அதைச் சொல்லும்போது டப்பா அக்காவின் முகத்தில் ஒரு பெருமை. குருவியைச் சுத்தமாக வைத்திருந்ததே தான்தான் என்பதுபோல.

டாக்டர் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லவேளை இதாவது இருக்கு. எங்க மைக்ராஸ்கோப்ல பல்பு போயி ரெண்டு மாசமாச்சு." பிறகு தாயிடம் திரும்பினார். "குடலோட உள்சுவர்ல சின்னச் சின்ன விரல் மாதிரி நிறைய இருக்கும்மா. சாப்பாட்டுல இருக்கிற சத்தை அதுதான் உறிஞ்சும். கிருமி இருந்தா அது கெடும். இவளுக்குக் கிருமியே இல்ல. ஆனா குடல் உறிஞ்சவும் மாட்டேங்குது. அப்போ வேற ஏதோ இருக்கு."

அவளுக்குப் புரிந்தது. புதுத் துண்டில் நூல் வளையங்கள் எழும்பி நிற்கும், தண்ணீரைக் குடிக்கும். தேய்ந்த துண்டு எவ்வளவு துடைத்தாலும் ஈரத்தைத் தள்ளிக்கொண்டுதான் போகும். தன் மகளின் வயிற்றுக்குள் தேய்ந்த துண்டு.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன். மயக்க மருந்து குடுத்து, வாய் வழியா குழாய் விட்டு, குடல்ல இருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பாப்பாங்க. ரெண்டு மணிக்கு ஆம்புலன்ஸ்."

"மயக்கம்னா... தாங்குவாளா டாக்டர்?"

டாக்டர் அட்டையில் எடையைப் பார்த்தார். "இந்த எடைக்குக் கொஞ்சம் பயம்தான். ஆனா வேற வழி தெரியலையே."

அவள் முந்தானையை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். "கிருமி இருந்திருந்தா?"

"இருந்திருந்தா சுலபம். ஒரு சிரப், ஏழெட்டு நாள். பால்கூட நிறுத்தியிருக்க மாட்டோம். இல்லாத கிருமிக்கு அதைக் குடுத்தா இருக்கிற குடலும் கெட்டுப்போகும்."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

முதல் மாதம் நடந்தது இதுதான். ஏழரைக்கு டப்பா அக்கா வாசலில். எட்டு மணிக்கு ஆலைக் கதவு மூடிவிடும். குருவி போகவில்லை. நடுப்பகலில்தான் போவாள், அப்போதே கொஞ்சம் இளகலாக, துணியில் இறங்கிப்போகும். கரண்டிக்கு ஒன்றும் சிக்காது. டப்பா தராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று கேள்வி. பெயர் போனால் மாதாமாதம் எடை பார்ப்பதும் போய்விடும். அவள் டப்பாவோடு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்ததைப் பார்த்து ஓரகத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஊர்ல ஒரு கரண்டி சர்க்கரை கேப்பாங்க, ஒரு கரண்டி காப்பித்தூள் கேப்பாங்க. நீ என்னடி இதைப் போய் கேக்குற?"

"நான் கேக்கலையேக்கா."

"மூஞ்சி கேக்குதே. எடுத்துக்கோ போ. என் பிள்ளை மகராசன், மணி அடிச்ச மாதிரி போவான். பாரு, வாழைப்பழம் மாதிரி."

ஒரு கரண்டி. பிள்ளை மலம்தானே, எந்தப் பிள்ளையுடையதாக இருந்தால் என்ன என்று அன்று தோன்றியது. அடுத்த மாதம் ஓரகத்தி கேட்காமலே டப்பாவை வாங்கிக்கொண்டு போனாள். மூன்றாவது மாதம் இருவருக்கும் அது வீட்டு வேலைகளில் ஒன்றாகிவிட்டது. ரிப்போர்ட்டில் சுத்தம் என்று வந்தபோது அவளுக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. எப்படியோ அது தன் பிள்ளையைப் பற்றியதுதான் என்று மனம் நம்பிவிட்டது.

இரண்டு வாரமாகக் குண்டனின் குடலைப் பார்த்துவிட்டுக் குருவிக்குப் பாலை நிறுத்தியிருக்கிறார்கள்.

பன்னிரண்டு மணிக்கு ரெக்சினின் மேல், ஓட்டைக்கு ஓரமாக, கொஞ்சம் தேங்கியது. நுரையாக, நாற்றமாக. அவள் டப்பா அக்காவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, ஒரு டப்பா இருந்தா குடுங்க. இப்போ போயிருக்கா. சூடா இருக்கு."

"பைத்தியமா உனக்கு? இந்த மாசத்துக்குத்தான் எடுத்தாச்சே. ஒரு பிள்ளைக்கு மாசத்துக்கு ஒண்ணுதான் லேப்ல வாங்குவாங்க."

"இன்னொரு தடவை பாத்தா என்னக்கா?"

"மூணு தடவை சுத்தம்னு வந்ததுல உனக்கு என்ன சந்தேகம்? நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது."

அவள் அங்கிருந்த காகிதக் கோப்பையில் அதை வழித்துக்கொண்டு, படி இறங்கி, கீழே ஆஸ்பத்திரியின் பரிசோதனை அறைக்கு ஓடினாள். ஜன்னலுக்குள் இருந்தவர் கோப்பையை எட்டிப் பார்த்தார்.

"பல்பு இல்லம்மா. வெறும் கண்ணால பாத்துச் சொல்ற அளவுக்கு நான் இன்னும் படிக்கல."

"வேற எங்கயாவது..."

"வெளியில போனா நாளைக்கு மறுநாள்தான் ரிசல்ட். சீட்டும் டாக்டர் எழுதணும். எழுதினாங்களா?"

எழுதவில்லை. அவள் கோப்பையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். வரிசையில் பின்னால் நின்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். குருவியின் உண்மை முழுதும் அந்தக் கோப்பையில் இருந்தது. வாங்க ஆள் இல்லை. கழிப்பறையில் ஊற்றிவிட்டுக் கையைக் கழுவினாள். இரண்டு தடவை சோப்பு போட்டாள்.

மேலே வந்தபோது டப்பா அக்கா குருவியின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். "எங்க போன? பிள்ளையை விட்டுட்டு இப்படித்தான் ஓடுவியா? நானும் வர்றேன் பெரிய ஆஸ்பத்திரிக்கு. எங்க மேடம்கிட்ட சொல்லிட்டேன். தனியா நீ என்ன பேசுவ, நீதான் வாயைத் திறக்க மாட்டியே."

ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு தாள் உண்டு. 'தாய் எடுத்ததை நேரில் பார்த்தேன்' என்று ஒரு வரி. அதன் கீழே டப்பா அக்கா கையெழுத்துப் போட வேண்டும். அவள் மூன்று தடவையும் வாசலிலேயே நின்றாள். ஒற்றை அறை வீட்டுக்குள் நுழைந்து, ஒரு தாய் அவசர அவசரமாகத் துணியை விலக்குவதை வேடிக்கை பார்க்க அவளுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்காகவே தெருவில் எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும். பக்கத்துத் தெருவில் இதே வேலை பார்த்த ஒருத்தியை, பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள் என்று போன வருடம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதைச் சொன்னதும் டப்பா அக்காதான்.

சொன்னால் இவள் போவாள். சொல்லாவிட்டால் குருவி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. கணவனுக்கு மறுபடி போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது.

ஒன்றே முக்காலுக்கு நர்ஸ் சம்மதக் கடிதத்தோடு வந்தாள். பின்னாலேயே டாக்டரும் வந்து, குழந்தையின் கையில் ஏறும் குழாயைச் சரி பார்த்தார்.

"இங்க கையெழுத்து. மயக்க மருந்துல ஏதாவது ஆனா..." என்று நர்ஸ் வேகமாகப் படித்துக்கொண்டே போனாள்.

பேனா கைக்கு வந்தது. அவள் அதைத் தாளில் வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள்.

"போடும்மா, வண்டி வந்துடுச்சு" என்றாள் டப்பா அக்கா. "பயப்படாத. ரிப்போர்ட்டெல்லாம் என் கையிலதான் இருக்கு. அங்கயும் நானே காட்டுறேன்."

"காட்டாதீங்கக்கா."

"என்னது?"

பன்னிரண்டு கட்டிலிலும் பேச்சு நின்றுவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. உண்மையில் பக்கத்துக் கட்டில்காரி மட்டும்தான் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் நிமிர்ந்தார்.

"என்னம்மா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

அவள் டப்பா அக்காவின் முகத்தைப் பார்க்காமல், கட்டிலின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அந்த மூணு டப்பாலயும் இருந்தது குருவியோடது இல்ல டாக்டர். என் ஓரகத்தி மகனோடது."