கதவு திறக்கும் கை

துப்பாக்கியை ஒப்படைத்து நாற்பத்தொன்பது நாட்களும் நாலு மணி நேரமும் ஆகியிருந்தன. காவலாளி அந்தக் கணக்கை எங்கும் எழுதி வைக்கவில்லை. அவர் தோளுக்குத் தெரியும். பதினோரு வருடம் வார் அழுத்திய இடம் வெறுமையாகிவிட்டதில், நகைக்கடை வாசலில் நிற்கும்போதெல்லாம் இடது தோள் தானாக மேலே ஏறிக்கொண்டது. முதலாளி ஒரு தடியைக் கொடுத்திருந்தார். தடி தோளில் நிற்காது.

உரிமம் புதுப்பித்து வரும்வரை துப்பாக்கி காவல் நிலையத்தில். முதலாளி நேற்றுதான் சொன்னார், கோபமே இல்லாமல்: "சனிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். சொந்தத் துப்பாக்கியோட ஒருத்தர் வேலை கேட்டு வந்துட்டுப் போனார்."

இன்று வியாழன்.

துப்பாக்கி உரிம அலுவலகத்தின் பின்பக்கம், மைதானத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் ஒரு நீள பெஞ்சு. அவருக்கு ஒரு பக்கம் தோட்டக்காரர். பன்றி விரட்டத் துப்பாக்கி வைத்திருப்பவர். இந்த நாற்பத்தொன்பது நாளில் ஏழு தடவை இதே பெஞ்சில் சந்தித்திருந்தார்கள். மறுபக்கம் ஒரு அம்மாள், மடியில் பிளாஸ்டிக் கோப்பு. இறந்துபோன கணவரின் துப்பாக்கியைத் தன் பெயருக்கு மாற்ற வந்தவர்.

"முன்னெல்லாம் ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. முடிஞ்சுது வேலை," என்றார் தோட்டக்காரர். "இப்பச் சுட்டுக் காட்டணுமாம். எல்லாம் இந்த அண்ணன் வாய் முகூர்த்தம்."

"நான் என்ன பண்ணேன்?"

"மூணு வருஷம் முன்னாடி இதே இடத்துல நீங்கதானே சொன்னீங்க? துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத குமாஸ்தா எப்படி உரிமம் தரலாம், சுடத் தெரிஞ்சவங்கதான் தரணும்னு. கேட்டது கிடைச்சிருச்சு, அனுபவிங்க."

காவலாளி சிரித்தார். சொன்னது நிஜம். போலீஸ் கையில் இருந்தால் வேண்டாதவனுக்குக் கிடைக்காது, வேண்டியவனுக்கு விசாரணையே இருக்காது. குமாஸ்தாவுக்கோ எல்லாத் துப்பாக்கியும் ஒரு எண். அதனால் தொழில் தெரிந்தவர் பார்க்கட்டும் என்று சொன்னார். அப்போது அது மற்றவர்களைப் பற்றிய பேச்சாக இருந்தது.

"டாக்டர்தாங்க தரணும்," என்றார் தோட்டக்காரர். "கண்ணு, கை, மண்டை மூணையும் அவருதானே பார்க்க முடியும்?"

"டாக்டர் அஞ்சு நிமிஷம் பார்ப்பார்," என்றார் அந்த அம்மாள் முதல் முறையாக. "பொண்டாட்டியைக் கேட்டுத் தரணும். வாசல்ல செருப்பைக் கழட்டுற சத்தத்துலயே இன்னிக்கு ஆள் எப்படின்னு அவளுக்குத் தெரிஞ்சிடும்."

"அப்படிப் பார்த்தா என் கையில கவண்கல்லுகூட இருக்காதும்மா," என்றார் தோட்டக்காரர். அந்த அம்மாள் சிரிக்காததைப் பார்த்துப் பேச்சை மாற்றினார். "இந்த அண்ணனுக்கு யார் வேணா தரலாம். வேட்டு அண்ணன்னுதான் கடைத்தெருவுல பேரு. எட்டு வருஷம் முன்னாடி கடைக்குள்ள ரெண்டு பேரு கத்தியோட நுழைஞ்சானுங்க. ஒரே வேட்டு! போட்ட செருப்பை விட்டுட்டு ஓடினானுங்க. கல்லாவுக்கு மேல இவர் போட்டோ இன்னும் மாட்டியிருக்கு."

"அப்படியா?" என்றார் அந்த அம்மாள்.

காவலாளி எப்போதும்போல் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்த உறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கடை முத்திரை போட்டு ஒட்டிய உறை. காலையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு முதலாளி கொடுத்தது.

அவரைக் கூப்பிட்டார்கள்.

மண்மேட்டின் முன்னால் ஒரு பலகை, அதில் கறுப்பு வட்டம். சுடும் சோதனை நடத்தும் பயிற்சியாளர் முப்பது வயதுப் பெண். காதுக்கு வைக்கும் மூடியைக் கழுத்தில் மாட்டியிருந்தார். மேசைமேல், காவல் நிலையத்திலிருந்து சோதனைக்கு வந்திருந்த காவலாளியின் இரட்டைக்குழல் துப்பாக்கி. மாமனார் கொடுத்தது. கட்டையில் அவர் உள்ளங்கை தேய்ந்த இடம் மட்டும் பளபளத்தது.

"தோட்டா கொண்டு வந்தீங்களா?"

உறையைக் கிழித்துக் கொடுத்தார். இரண்டு தோட்டாக்களின் பித்தளை அடியிலும் பச்சை படிந்திருந்தது. அட்டைக் கூடு உப்பியிருந்தது. பயிற்சியாளர் ஒன்றை விரலில் உருட்டிப் பார்த்தார்.

"இது குழலுக்குள்ளயே போகாது. நான் வேற தர்றேன்."

துப்பாக்கியை மடக்கித் திறந்து, குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். மற்றவர்களின் துப்பாக்கியைப் பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க."

"வாராவாரம் துடைப்பேன் மேடம்."

"சரி. கோட்டுல நில்லுங்க. நான் சொன்னதும் தயாராகணும்."

துப்பாக்கியை வாங்கிக்கொண்டு கோட்டில் நின்றார். தாழ்வாரத்திலிருந்து தோட்டக்காரர் குரல் கொடுத்தார்: "காட்டுங்க அண்ணே, உங்க வேட்டை!"

"தயார்."

காவலாளி தயாரானார். துப்பாக்கி இடது தோளுக்குப் போனது. முதுகு நிமிர்ந்தது, குதிகால்கள் சேர்ந்தன. வலது கை இடுப்பு உயரத்தில் முன்னால் நீண்டு, இல்லாத ஒரு கதவின் கைப்பிடியைப் பற்றி மெல்லத் தன் பக்கம் இழுத்தது. முகத்தில் ஒரு புன்னகைகூட வந்துவிட்டது.

பலகைக்கும் அவருக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

கை அந்தரத்தில் நின்றது. அதைக் கீழே இறக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து குரலைத் தணித்துக் கேட்டார்.

"கடைசியா எப்பச் சுட்டீங்க?"

"எட்டு வருஷம் முன்னாடி மேடம்!" என்று தோட்டக்காரர் அங்கிருந்தே கத்தினார். "ஒரே வேட்டுல ரெண்டு பேரு ஓடினானுங்க!"

பயிற்சியாளர் திரும்பிப் பார்க்கவில்லை. "உங்களைத்தான் கேட்டேன்," என்றார்.

காவலாளி துப்பாக்கியை மேசையில் வைத்தார். குழல் யார் பக்கமும் இல்லாதபடி திருப்பி வைத்தார். பச்சை படிந்த இரண்டு தோட்டாக்களையும் பொறுக்கி, கிழிந்த உறைக்குள் திரும்பப் போட்டார்.

"அன்னிக்கு வெடிச்சது பக்கத்து ஒர்க்‌ஷாப் டயர்," என்றார். தாழ்வாரம் வரை கேட்கும் குரல். "தோட்டா ரெண்டும் முதலாளி டிராயர்ல பூட்டியிருக்கும் மேடம். பதினோரு வருஷமா அங்கதான் இருக்கு. இன்னிக்குக் காலையிலதான் முதல் தடவையா என் கையில கொடுத்தாரு."