மூடிய வளை

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. திண்டிவனத்தில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு குட்டியானை சரக்கு வண்டி வந்து நின்றது. பின்னால் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு பெண், மண் நிரம்பிய கண்ணாடித் தொட்டியை மடியில் வைத்திருந்தாள். செடி இல்லை, மீன் இல்லை. வெறும் மண். அதைக் கைக்குழந்தையைப் போல...

(இல்லை. கைக்குழந்தையை யாரும் அவ்வளவு பயந்து பிடிப்பதில்லை.)

மண்ணுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. டரான்டுலா என்று நான்தான் வைத்தேன். தரையில் வளை தோண்டி அதற்குள்ளேயே காலத்தை ஓட்டும் பெரிய மயிர்ச் சிலந்தி.

2

முதல் தொடக்கம்: 'இருதயமேரிக்குக் குழந்தை இல்லை. அதனால்தான்...'

அடித்துவிட்டேன். குழந்தை இல்லாதவள்தான் சிலந்தி வளர்க்க வேண்டும் என்று எவன் சொன்னது?

இரண்டாவது தொடக்கம்: மயிலத்துக்கு வெளியே மனை போட ஜேசிபி கரம்பு நிலத்தைச் சமப்படுத்திக்கொண்டிருந்தது. கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த இருதயமேரி, வேலை முடிந்து அந்த வழியே வந்தபோது, மண்கட்டியோடு புரண்டு வந்த சிலந்தியைச் சாப்பாட்டு டப்பாவில் பிடித்துத் திண்டிவனம் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதன் வளை இருந்த இடத்தில் இப்போது ஒரு எல்லைக்கல் நிற்கிறது.

"வூட்டுக்குள்ள இத்த வச்சிக்கினு நான் எப்படித் தூங்கறது?" என்றான் அவள் கணவன் ஆரோக்கியராஜ். குட்டியானை அவனுடையது.

"கண்ண மூடிக்கினு தூங்குங்க."

தொட்டியில் அது புது வளை தோண்டியது. வாசலில் இரண்டு முன்கால்கள் மட்டும் தெரியும். சில மாதத்தில், சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் ஆரோக்கியராஜ் முதலில் தேடுவது அந்த இரண்டு கால்களை.

3

மேரிக்கு விழுப்புரத்தில் வேலை கிடைத்தது. வீடு பார்க்கப் போனவள், "அத்தப் பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னாள். அவனும் பார்த்தான். வளையின் வாய் மண்ணாலும் நூலாலும் மூடியிருந்தது. மேல் மண் வெடித்திருந்தது. காணைப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் கொல்லையில் வளர்ந்தவன் அவன். வெடித்த மண்ணைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாது.

ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினான்.

"இன்னாங்க பண்ணி வச்சிருக்கீங்க?" என்றாள், திரும்பி வந்த மேரி.

"காஞ்சி கெடந்துதுடி."

"மல்லாட்டைக் கொல்லையாங்க இது? சட்டை உரிக்கறதுக்கு அதுவே கதவ சாத்திக்கினு உள்ள போயிருக்குது!"

அவன் சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

(இவனை வில்லனாக வைக்கத்தான் பார்த்தேன். சொம்பைக் கழுவிய இடத்தில் முடியாமல் போனது.)

வளை, தொட்டியின் பின்கண்ணாடியை ஒட்டியே இறங்குகிறது. வெளிச்சம் படாமலிருக்க மேரி அங்கே கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறாள். தாளைப் பிரித்தால் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் சட்டை உரிக்கும்போது உடம்பு பிஞ்சாக இருக்கும். தொந்தரவு செய்தால் அதுவே அதற்கு முடிவாகவும் ஆகலாம். அதனால் பிரிக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

4

வீடு மாற்றும் நாள். மேரி தொட்டியோடு வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டாள். ஆரோக்கியராஜ் அவ்வளவு மெதுவாக வண்டி ஓட்டியதே இல்லை. பின்னால் ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்து பக்கத்தில் ஒட்டியது.

"மாடு ஓட்டிக்கினு போறியா? ஜல்தி போய்யா!"

"புள்ளத்தாச்சி ஏறிக்கினு வர்றாங்கய்யா!"

பஸ் டிரைவர் வண்டியின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். மடியில் மண்ணோடு மேரி, சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். சொம்புத் தண்ணீருக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

(அந்த பஸ்ஸில்தான் நான் இருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

5

விழுப்புரத்தில் வீட்டுக்காரம்மா கோவிந்தம்மாள் வாசலிலேயே மடக்கினாள். "பால் காய்ச்சறதுக்கு முன்ன மண்ணத் தூக்கியாறியே, இன்னாம்மா அது?"

"செடி வைக்கங்க."

"செடி எங்க?"

"வரும்ங்க," என்றான் ஆரோக்கியராஜ்.

தொட்டியை மூலையில் இறக்கியபோதுதான் பார்த்தான். வழியில் குலுங்கியதில் கறுப்புத் தாளின் ஒரு முனை பிரிந்து தொங்கியது. குனிந்தால் போதும். தான் கொன்றுவிட்டோமா இல்லையா என்று இந்த நிமிடமே தெரிந்துவிடும்.

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, தாளைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தான்.

"மேரி, டேப்பு எங்கடி?"

"எந்த மூட்டையிலன்னு தெரிலங்க. அப்படியே புடிச்சிக்கினு இருங்க."

6

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில், காலையில் வளைவாசலில் பழைய சட்டை கிடக்கிறது. பக்கத்தில் இரண்டு முன்கால்கள், புது மினுமினுப்போடு. இன்னொன்றில், சில நாளில் தொட்டியிலிருந்து ஒரு வாடை...

இரண்டையும் கிழித்துவிட்டேன். எழுதுகிறவன் என்பதற்காக அந்தத் தாளைப் பிரித்துப் பார்க்க எனக்கு என்ன உரிமை?

நீங்கள் வேண்டுமானால் உள்ளே போகலாம். கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் அவனுக்குக் கட்டைவிரல் மரத்துப்போய்விட்டது. மேரி இன்னும் மூட்டைகளைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். முதலில் அந்த டேப்பைத் தேடிக் கொடுங்கள்.