தொப்பிக்காரன் எந்தக் குடி?

நெல் வேளாண்மை வெட்டு முடிந்த கையோடு வெல்லாவெளியில் கூடாரம் போட்டு ஊமைப்படம் காட்டினார் காத்தான்குடிப் பதியுதீன். மெஷினைக் கையால் சுற்றுவது அவர் வேலை. திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வது வினாயகமூர்த்தியின் வேலை.

படம் என்னவோ ஒன்றுதான். சுவருக்குச் சுண்ணாம்பு பூசும் வெள்ளைக்காரன் ஒருவன், தலையில் சின்னத் தொப்பி. பாண் சுட்டு விற்கும் கடைக்காரன் மகளைக் கண்ட நிமிஷத்திலிருந்து விழுந்துகொண்டே இருப்பான். ஏணியிலிருந்து விழுவான், மாத்தொட்டிக்குள் விழுவான், நாய் வந்து காற்சட்டையைக் கிழிக்கும். கடைசியில் கோயிலில் கலியாணம். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

ஆனால் சிரிக்குமுன் ஒரு கேள்வி தீரவேண்டும்: "தொப்பிக்காரன் எந்தக் குடி?" சீமையில் பிறந்தவனுக்கு ஏது குடி? இருந்தாலும் தாய்வழி வம்சமான குடி தெரியாமல் ஒரு கலியாணத்தைப் பார்த்துக்கொண்டிருக்க இந்த ஊரால் முடியாது. அவனுக்கொரு குடி, அவளுக்கு வேறொரு குடி என்று வினாயகமூர்த்தியும் தினம் வாரி வழங்குவான்.

வினாயகமூர்த்திக்கு வேறு குடி வழங்கத்தான் ஆளில்லை. அவனும் அவன் ஆசைப்பட்ட இராசாத்தியும் பணிக்கனார் குடி. ஒரே குடி என்றால் அண்ணன் தங்கை. எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் அதுதான் முறை. ஆனால் இராசாத்தி அவனை ஒருநாளும் அண்ணன் என்று கூப்பிட்டதில்லை. "இஞ்ச பாருங்க" என்று தொடங்குவாள், அவ்வளவுதான். அவள் சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல்லை நம்பியே அவன் நடமாடினான். ஆற்றுத் துறையடியில் கட்டிக்கொள்வாயா என்று துணிந்து கேட்டபோது அவள் சொன்னாள்: "ஊர் ஓமெண்டா நானும் ஓம்."

ஊரை எப்படி ஓமென்ன வைப்பது? பைத்தியக்காரன், படத்தை நம்பினான். கடைசி நாள் அவளும் தாய் சீதேவிப்பிள்ளையும் முன்னால் விரித்த பாயில் இருந்தார்கள். குடி கேட்டவர்களை, "பொறுங்க, மறுகா சொல்றன்" என்று தள்ளிவைத்தான். முதலில் சிரிக்கட்டும், அந்த இரண்டு பேர் மேலும் ஆசை வைக்கட்டும் என்பது அவன் கணக்கு. இவர்கள் எப்போது சேர்வார்கள் என்று கூடாரமே துடித்த நேரத்தில், சொன்னான்:

"ரெண்டு பேரும் பணிக்கனார் குடி. ஆனா, விருப்பமெண்டா விருப்பந்தானே?"

சிரிப்பு நின்றது. திரையில் தொப்பிக்காரன் சேற்றில் குப்புற விழுந்தான். ஒருவர் பல்லும் தெரியவில்லை. ஊரில் பாதி வயலுக்குச் சொந்தக்காரரான கனகசிங்கப் போடியார் எழும்பினார்.

"தங்கச்சியையாடா கட்டப்போறான்? நிப்பாட்டு படத்த!"

அவருக்குப் பின்னால் கூடாரமே எழும்பியது.

"தம்பி, கூடாரத்தப் பிச்சிருவானுகள். மாத்திச் சொல்லு," என்று பதியுதீன் கெஞ்சினார்.

வினாயகமூர்த்தி இராசாத்தியைப் பார்த்தான். அவள் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோழை என்று அவனைச் சொல்லிவிடலாம், லேசு. ஊர் முழுக்க எழும்பி நின்றால் எவனும் சொன்னதை விழுங்குவான்.

"நாக்குப் பிசகிப் போச்சு போடியார்! இவன் அவள்ட அண்ணன். மாப்பிள்ளை ஆத்துக்கு அங்கால நிக்கிறான், படத்தில தெரியல்ல. தங்கச்சிய ஒப்புக்குடுக்கத்தான் இவன் கோயிலுக்குக் கூட்டிப்போறான்!"

சொல்லி வாய் மூடவில்லை, திரையில் அண்ணன்காரன் தங்கையை முத்தமிடக் குனிந்தான். பதியுதீன் பதறிப்போய்க் கையால் வெளிச்சத்தை மறைத்தார். கூடாரம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு எழுந்தது. அத்தனை நாளிலும் அப்படியொரு சிரிப்பு வந்ததேயில்லை. வினாயகமூர்த்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க இன்னும் உரத்துக் கதை சொன்னான்.

படம் முடிந்து சனம் கலைந்தது. வாசலில் சீதேவிப்பிள்ளை நின்றாள்.

"நல்லாச் சொன்னாய் மகன், சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோகுது. என்ன கா புள்ள நிக்கிறாய், சொல்லிற்று வா."

இராசாத்தி முந்தானையை இழுத்துப் போர்த்தினாள். முகத்தை நிமிர்த்தி அவனை நேராகப் பார்த்தாள்.

"போயிற்று வாறன், அண்ணன்."