ஏரியலில் ஒரு கறுப்புத் துணி

ஏசுபாதம் காரின் பின்பக்கத்தைக் காலால் உதைத்தான். வீட்டுக்குள் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெரசா திடுக்கிட்டு எழுந்து நின்றாள். காரில் ஏதாவது சத்தம் கேட்டால் எழுந்து நிற்பது அவளுக்குப் பழக்கம். புருஷன் ஞானதாஸ் மாலையும் கழுத்துமாகப் பெஞ்சில் நீட்டிப் படுத்திருந்தான். இனி அவன் காரிலிருந்து இறங்கி வரப்போவதில்லை என்பது அவள் கால்களுக்கு இன்னும் தெரியவில்லை.

"ஏரியல் இல்லாம எங்க அண்ணன் வண்டி போவாது. போவக்கூடாது!" என்று ஏசுபாதம் வாசலில் நின்று கத்தினான். செத்தவனுக்கு ஒரே தம்பி. துக்கம் வந்தால் சிலருக்கு அழுகை வரும், இவனுக்குக் கையும் காலும்தான் வரும். அந்தக் குடும்பத்து ஆண்களின் வாகே அது.

ராபர்ட்சன்பேட்டை டாக்சி ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டாண்டைச் சேர்ந்த ஒருவன் செத்தால் அவனுடைய வண்டிதான் பாடைக்கு முன்னால் போகும். முன்விளக்கு எரியவேண்டும், ரேடியோ ஏரியலின் உச்சியில் கறுப்புத் துணி கட்டவேண்டும். ஏரியல் இல்லாத வண்டியென்றால் பக்கத்துக் கண்ணாடியில் கட்டினாலும் போதும். ஆனால் ஞானதாஸின் காண்டெஸ்ஸா காரை அப்படி அனுப்ப ஏசுபாதத்துக்கு மனம் ஒப்பவில்லை. அந்த வண்டிக்குப் பேரே அந்த ஏரியலால்தான் வந்தது.

ஞானதாஸ் தங்கச் சுரங்கத்தில் ஆட்கள் போய்வரும் கூண்டை, கேஜை, ஏற்றி இறக்கும் எஞ்சினை ஓட்டியவன். தானாக முன்வந்து வேலையை விட்டவர்களுக்குக் கிடைத்த பணத்தில், ஊரைவிட்டுப் போன ஒரு மைன்ஸ் அதிகாரியிடம் அந்தக் காரை வாங்கி டாக்சி ஓட்டினான். ரேடியோவைத் திருப்பினால் பின்பக்க மட்காட்டிலிருந்து ஏரியல் 'கிர்ர்ர்' என்று தானாகவே மேலே ஏறும், நிறுத்தினால் தானாகவே உள்ளே இறங்கும். சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகள் ஓடிவந்து வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். வீட்டுக்குள் இருந்தவர்களுக்கோ அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தம். அது இறங்கி முடிவதற்குள் ரசம் கொதித்திருக்க வேண்டும், மகன் பாபு புத்தகத்தோடு பின்கட்டுக்குப் போயிருக்க வேண்டும், தெரசா எழுந்து நின்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எது கையில் கிடைக்கிறதோ அதால் விழும்.

செத்தவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசவேண்டுமே என்று வந்தவர்கள் எல்லாரும் காரைப் பற்றியே பேசினார்கள். வேறு எதைப் பேசுவது?

"எப்டிக்கா போனாரு?" என்று பக்கத்து வீட்டுத் தங்கம்மா மறுபடியும் கேட்டாள்.

"சாப்ட்டுகினு இருந்தாரு. அப்டியே சாஞ்சிட்டாரு."

அது பொய்யில்லை. ரசத்தில் புளி தூக்கல் என்று தட்டைச் சுவரில் வீசினான், அடுத்து வேட்டியை மடித்துக் கட்டி, நாக்கு நுனியைக் கடித்தபடி அவளை நோக்கிக் கையை ஓங்கினான், ஓங்கிய கையோடு சாய்ந்தான். கை கீழே வரவில்லை. சுவரில் வழிந்திருந்த ரசக்கறையைத் தெரசா காலண்டரை நகர்த்தி மாட்டி மறைத்திருந்தாள். இன்னும் அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வராததற்காகப் பயமாகவும் இருந்தது.

அவள் மனதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பாபு வரவேண்டும். வந்து, திரும்பிப் போகாமல் இருக்கவேண்டும்.

பள்ளிக்கூடத்துக் கடைசி வருஷத்தில் பாபு ஒருநாள் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டே காரைப் பின்னால் எடுத்துத் தகரக் கொட்டகைக்குள் விட்டுவிட்டான். மேலே நீட்டியிருந்த ஏரியல் கூரைத் தகரத்தில் இடித்து வளைந்தது. ஞானதாஸ் ஓடிவந்து அந்தக் கம்பியைப் பிடித்து இழுத்தான். அதை மோட்டாரோடு சேர்க்கும் பல்வைத்த நைலான் வடம் பாதியில் அறுந்து கம்பியோடு வந்தது. அதாலேயே பையனை விளாசினான். காதுமடல் கிழிந்தது. குறுக்கே விழுந்த தெரசாவின் முதுகிலும் கோடு கோடாக ஏறியது. விடிந்ததும் பாபு கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறினான். ஓசூரில் கார் எலக்ட்ரீஷியன் ஆனான், அங்கேயே ஷைலஜா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். தெரசா மருமகளைப் போட்டோவில்தான் பார்த்திருந்தாள்.

அந்தக் கம்பி மறுநாளே காணாமல் போயிற்று. "எங்கடி அது?" என்று ஞானதாஸ் கேட்டுக் கேட்டு அதற்கும் தனியாக அடித்தான். சுரங்கக் கழிவு கொட்டிக்கிடக்கும் சயனைடு மேட்டில் எறிந்துவிட்டதாக அவள் சாதித்துவிட்டாள். கம்பி போனாலும் சத்தம் போகவில்லை. ரேடியோவை நிறுத்தும்போதெல்லாம் மோட்டார் வெறுமனே சுற்றியது, அவளும் வெறுமனே எழுந்து நின்றாள்.

பகல் சாய்வதற்குள் பாபு வந்துவிட்டான். பின்னால் ஒல்லியாக ஷைலஜா, கையில் ஒரு ரோஜாமாலை. அவன் வாசல்படியில் காலை வைக்கக்கூட இல்லை, ஏசுபாதம் குறுக்கே பாய்ந்து கன்னத்தில் ஒரு அறை விட்டான்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சிதாடா ஒனக்கு? ஒன்ன நெனச்சி நெனச்சியே செத்தாருடா எங்க அண்ணன்!"

"கைய எடு சித்தப்பா."

"எடுக்கலன்னா இன்னாடா பண்ணுவ?"

பாபு சொல்லவில்லை, செய்தான். முதல் குத்து வாயில் விழுந்தது. ஏசுபாதம் பறைக்காரர்கள்மேல் போய் விழுந்து, எழுந்து, அவன் சட்டையைப் பிடித்தான். இரண்டு பேரும் கட்டிப் புரண்டதில் ஷைலஜாவின் மாலை மண்ணில் மிதிபட்டது. ஏசுபாதத்தின் பல்லிலிருந்து ரத்தம் வடிந்து வெள்ளைச் சட்டையில் இறங்கியது. டாக்சி ஸ்டாண்டுத் தலைவர் மாணிக்கராஜ் இன்னும் சிலரோடு வந்து இருவரையும் பிய்த்து எடுத்தார்.

"பொணத்த உள்ள வச்சிகினு இன்னாடா கூத்து இது? த்தூ!"

"ஏரியல இவன் ஒடச்சான். இவனே ரெடி பண்ணட்டும். அதுக்கப்புறம் மொகத்த பாக்கட்டும்," என்று ஏசுபாதம் ரத்தத்தைத் துப்பினான்.

பாபு வேட்டியை மடித்துக் கட்டினான். நாக்கு நுனியைக் கடித்தபடி காரையே பார்த்தான். "பண்றேன். கம்பி எங்க?"

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தெரசா உள்ளே போனாள். அடுப்பங்கரையில் புடவை போடும் மூங்கில் கழியை இறக்கி, அதன் வாயில் திணித்திருந்த துணியைப் பிடுங்கிக் கழியைச் சாய்த்தாள். கம்பி வழுக்கிக்கொண்டு வந்து தரையில் விழுந்தது. பாபு அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னியே?"

"அவருக்குச் சொன்னேன்."

என் பிள்ளைக்காக இத்தனை காலம் ஒளித்து வைத்தேனே என்று அந்த நேரத்தில் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பாபுவுக்குத் தொழில் கைவந்திருந்தது. டிக்கியின் உள்பக்க அட்டையைக் கழற்றி மோட்டார் பெட்டியை வெளியே எடுத்தான். திறந்து, உள்ளே மாட்டிக்கிடந்த நைலான் துண்டுகளைப் பொறுக்கி வீசினான், காய்ந்துபோன கிரீஸைச் சுரண்டினான். வளைந்த கம்பியைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினான். கம்பியோடு ஒட்டியிருந்த மீதி வடமே போதும், முழு உயரத்துக்கு ஏறாது, முக்கால்வாசி ஏறும் என்றான். ஏசுபாதம் அரைமனதோடு தலையாட்டினான்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு வடத்தை மேலிருந்து உள்ளே செருகவேண்டும். செருகும் நேரம் பார்த்து ஒருவர் ரேடியோவை நிறுத்தினால் மோட்டார் அதைப் பல்லில் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பாபு பெண்டாட்டியை முன்சீட்டில் உட்காரவைத்தான்.

"நான் ஆஃப்னா ஆஃப். ஆன்னா ஆன். புரிஞ்சிதா?"

ஷைலஜா தலையாட்டினாள். ரேடியோவில் கன்னடத்தில் யாரோ தக்காளி விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். "ஆஃப்!" என்றான். மோட்டார் இழுத்தது. வடம் சரியாகப் பிடிக்கவில்லை. "ஆன்! மறுபடி ஆஃப்!" பறைக்காரர்கள் அந்த நேரம் பார்த்துத் தோலைக் காய்ச்சித் தட்டிப் பார்த்தார்கள். அவளுக்கு எது காதில் விழுந்ததோ, பாதி இறங்கிய கம்பி 'கிர்ர்ர்' என்று திரும்ப ஏறி வெளியே வந்து அவன் கையோடு நின்றது.

பாபு காரைச் சுற்றிக்கொண்டு முன்கதவுக்கு வந்தான். கையில் கம்பி. அவன் அடிக்கவில்லை, அதைச் சொல்லியாகவேண்டும். கதவருகே நின்று குனிந்தான், அவ்வளவுதான். ஷைலஜா இடது கையைக் காதின்மேல் வளைத்து, முழங்காலை மேலே இழுத்து, முகத்தைக் கியர் பக்கமாகத் திருப்பிச் சுருண்டுவிட்டாள். யோசித்துச் செய்யவில்லை. ஒருநாள் இரண்டுநாளில் உடம்பு கற்றுக்கொள்ளும் வித்தையில்லை அது. காதைத்தான் முதலில் மூடவேண்டும், கன்னம் தாங்கும், காது தாங்காது என்பது அடி தின்றவளுக்குத்தான் தெரியும். தெரசாவுக்குத் தெரியும்.

வாசலில் நின்றிருந்த தெரசா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். மகனின் மடித்த வேட்டியையும் கடித்த நாக்கையும் பார்த்தாள். உள்ளே ஒருத்தன் செத்துக் கிடக்கிறான், அவன்தான் இங்கே நிற்கிறான். நானே எடுத்து இவன் கையில் கொடுத்தேனே! நேற்றிலிருந்து வராத அழுகை அடிவயிற்றிலிருந்து பீறிட்டது. புருஷனுக்காக அழுகிறாள் என்று நினைத்த தங்கம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அழுதுடுக்கா. நல்லா அழுதுடு."

அடுத்த தடவை வடம் பிடித்துக்கொண்டது. ஏரியல் ஏறியது. ஏசுபாதம் விம்மிக்கொண்டே அதன் உச்சியில் கறுப்புத் துணியை முடிச்சுப் போட்டான். பாபு வீட்டுக்குள் வந்து அப்பனின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தான், கிழிந்த காதைத் தடவிக்கொண்டான். பறை முழங்கியது. அவனே காரை ஓட்டிக்கொண்டு முன்னால் போனான், பாடை பின்னால் போயிற்று.

புருஷனைப் புதைக்கப் பெண்டாட்டி கல்லறைக்குப் போவது அந்த லைனில் வழக்கமில்லை. மருமகளும் தங்கிவிடுவாள். ஆண்கள் திரும்புவதற்குள் இரண்டு பேரும் வீட்டைக் கழுவிவிட்டு, கால் கழுவ வாசலில் மஞ்சள்தண்ணீர் வைக்கவேண்டும். ஷைலஜா வாளியோடு சுவரோரமாகத் தேய்த்துக்கொண்டே வந்தவள் காலண்டரை எடுத்தாள். கறையைப் பார்த்தாள். அது எவ்வளவு உயரத்தில் தொடங்கியிருக்கிறது என்று பார்த்தாள். மூலையில் கிடந்த நெளிந்த தட்டையும் பார்த்தாள்.

"ரசமா அத்தே?"

"ம்."

ஷைலஜா துணியை நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"எங்க வூட்ல சாம்பாரு. மஞ்ச போவவே மாட்டேங்குது."

தெரசா கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "எத்தினி நாளா?" என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டாள். கேட்டுத் தெரிந்துகொள்ள அதில் என்ன இருக்கிறது? அருகில் போய், அந்தப் பெண்ணின் காதோரத்து முடியை ஒதுக்கிப் பார்த்தாள். ஷைலஜா நகராமல் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

தங்கம்மா வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்திருந்தது. தெரசா தட்டை எடுத்து மருமகளை உட்காரவைத்துப் பரிமாறினாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத பெண் வேகவேகமாகப் பிசைந்தாள்.

தெருமுனையில் கார் திரும்பும் சத்தம் கேட்டது. வாசலில் வந்து நின்றது. ரேடியோ நின்றது. 'கிர்ர்ர்'.

தெரசா எழுந்து நின்றாள். அதே நேரம் ஷைலஜாவும் எச்சில் கையோடு எழுந்துவிட்டாள். அவளுக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரியாது, ஆனால் கார்க்கதவை அறைந்து சாத்திய வேகம் யாருடையது என்று தெரிந்திருந்தது. இரண்டு பேரும் நின்றபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தெரசா போய் மஞ்சள்தண்ணீர்ச் செம்பை வாசல்படிக்கு வெளியே வைத்தாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். மேல்தாழ்ப்பாள் துருவேறிக் கிடந்தது. இந்த வீட்டு ஆண் வரும்போது அதைப் போட்டதே இல்லை. உள்ளங்கையால் இடித்து இடித்து ஏற்றினாள்.

"யம்மா," என்றது வெளியே பாபுவின் குரல். "யம்மா, கதவத் தொற. இன்னா பண்றீங்க ரெண்டு பேரும்?"

கதவு ஒருமுறை அதிர்ந்தது.

"பேடா, வேணாம் அத்தே," என்றாள் ஷைலஜா மெல்ல. "தொறந்துடுங்க."

"நீ உக்காரு."

ஷைலஜா உட்கார்ந்தாள். கதவு மறுபடியும் அதிர்ந்தது. வெளியே ஏரியல் கடைசிவரை இறங்கி, கறுப்புத் துணியின் முடிச்சு ஓட்டையில் சிக்கி, அதற்குமேல் உள்ளே போக முடியாமல் இரைந்துகொண்டே இருந்தது. தெரசா குனிந்து தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.