சைக்கிள் செயின்

சோளம் உதிர்க்கும் இயந்திரம் செய்ய அந்த மலைக்கிராமத்தில் கற்றுக்கொடுத்தபோது, ஒன்றை மட்டும் தொண்டை வறளச் சொன்னேன்: "கீழே சோலோலா டவுன் சந்தையில கிடைக்கிற சாமான்லயே செய்யுங்க. பழுதானா என்னைத் தேடி வரக் கூடாது."

மூன்று வருடமாக ஒருவரும் தேடவில்லை. ஒரு போன்கூட இல்லை. இந்த அறுவடைக்கு நானே ஸ்பேனர் பையோடு பஸ் ஏறிவிட்டேன்.

முதல் வீட்டு முற்றத்திலேயே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு வடிவமைத்த கைப்பிடியையும் பல்சக்கரத்தையும் காணோம். அந்த இடத்தில் பழைய சைக்கிள் பெடலும் செயினும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரு செஞ்சது இது?"

"நாங்கதான்," என்றாள் வீட்டுக்காரி நிக்கொலாசா, பெடலை மிதித்தபடியே. "முன்னாடி யாரோ ஒரு டீச்சரம்மா வந்து காட்டினாங்களாம். அவங்க கைப்பிடியைச் சுத்தினா தோள்பட்டை கழண்டுடும். உங்களுக்கும் ஒண்ணு வேணுமா?"

தனிக்கட்டை எனக்கு எதற்குச் சோளம்?

"வேணும்," என்றேன்.

"உக்காருங்க, மருமக சொல்லித் தருவா. ஆனா பழுதானா எங்களைத் தேடி வரக் கூடாது."

என்னிடம் கற்றதில் அவர்கள் மாற்றாமல் வைத்திருந்தது அது ஒன்றைத்தான்.