அடுத்த பந்து

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு வெண்கலம் என்று பெயர். அப்படி ஒரு குரல். மறுமுனையில் யார் எப்படி அழுது புரண்டாலும் அவள் ஒரு அதட்டல் போட்டால் போதும், அழுகை நின்று விலாசம் வரும். அந்த வெண்கலம் இப்போது பின்கட்டு ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து பஞ்சுப் பொட்டலம் அடுக்கிக்கொண்டிருந்தது. பார்க்கிறவர்களுக்கே வயிறெரிந்தது, அவளுக்கு எப்படி இருக்கும்?

நடந்தது இதுதான். பழைய மார்க்கெட் தெருவுக்குப் போக வேண்டிய வண்டியைப் புது மார்க்கெட் தெருவுக்கு அனுப்பிவிட்டாள். மாரடைப்பு கேஸ். வண்டி சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தது, நல்லவேளை பெரியவர் பிழைத்துக்கொண்டார். யானைக்கும் அடி சறுக்கும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு அவள் எதிரே போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கை எழவில்லை. கடைசியில் பக்கத்து சீட்டுப் பெண்தான் எட்டி எடுத்தாள். அது பிரசவ கேஸ்.

கட்டுப்பாட்டு அதிகாரியை எல்லாரும் ஸ்கேல் என்பார்கள், முதுகுக்குப் பின்னால்தான். ஆளும் நெடுநெடு, பேச்சும் கோடு போட்ட மாதிரி. அவர் கூப்பிட்டுச் சொன்னார்: "வண்டியைத் தப்பா அனுப்புனதுக்காக நான் உங்களை மாத்தலை. அந்தத் தப்பை நானும் பண்ணிருக்கேன். அடுத்த போனை நீங்க எடுக்கலை பாருங்க, அதுக்குத்தான். மாசக் கடைசி வரைக்கும் ஸ்டோர்ல இருங்க. அப்பவும் எனக்கு நம்பிக்கை வரலைன்னா அங்கேயே நிரந்தரமா ஆர்டர் போட்டுடுவேன்."

"சரி சார்" என்று வந்துவிட்டாள். வந்து, பஞ்சு மூட்டைக்குப் பின்னால் நின்று நன்றாக அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்தியபோது ஒரு வைராக்கியம் வந்தது. என் நாற்காலி எனக்கு வேணும், அவ்வளவுதான்.

வைராக்கியம் இருந்தால் ஆச்சா? வழி வேண்டாமா? ஆலோசகர் ஒருத்தரிடம் போனாள். கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார். நல்ல மனுஷர், நல்ல யோசனைதான், ஆனால் இவள் கண்ணை மூடினால் காதுக்குள் போன் அடித்தது. அலையடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கச் சொன்னார். அலைக்கு நடுவிலும் போன் அடித்தது. "கடலுக்கே கனெக்ஷன் குடுத்துட்டியே" என்றான் லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன். அவனை முறைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வந்தது ஆபீஸின் வருஷாந்தர ஆட்டம். போன வருஷம் சாதாரண ஃபுட்பால் ஆடி, ரெண்டு டிரைவர்களுக்குக் கால் உடைந்து, வண்டி ஓட்ட ஆளில்லாமல் சந்தி சிரித்துப் போனது. அதனால் இந்த வருஷம் ஆள்மேல் ஆள் மோதாமல், பந்தைக் கையால் எறிந்து பிடித்து ஆடுகிற ஃபிளாக் ஃபுட்பால் என்று ஸ்கேல் முடிவு கட்டினார். கட்டுப்பாட்டு அறை ஒரு கட்சி, டிரைவர்கள் ஒரு கட்சி. ஸ்டோரில் இருக்கிறவள் எந்தக் கட்சி? டிரைவர்களுக்கு ஒரு ஆள் குறைந்தது. "அக்கா, எங்க பக்கம் வந்துடுங்க" என்று கையைப் பிடித்து இழுத்தான் நெட்டை என்கிற டிரைவர். அவன்தான் அன்றைக்குப் புது மார்க்கெட் தெருவுக்குப் போய்த் திரும்பியவன். அவன் கூப்பிட்டு எப்படி மாட்டேன் என்பாள்?

ஆட்டம் தெரிந்த ஒரே ஆள் அவள் நாத்தனார். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி டீச்சர், வயசில் சின்னவள், வாயில் பெரியவள். சாயங்காலம் மைதானத்தில் எல்லாரையும் நிற்கவைத்து இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டினாள். பெல்ட்டின் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு துணிக் கொடி தொங்கியது.

"நல்லாக் கேட்டுக்கோங்க. அஞ்சு பேருக்கு அஞ்சு பேர். பந்தை வெச்சிருக்கறவங்களைத் தள்ளக் கூடாது, இழுத்துச் சாய்க்கக் கூடாது. கொடியை உருவுனாப் போதும், அந்தத் தடவை அங்கேயே முடிஞ்சுது. ஓடுறவங்க கையால கொடியை மறைச்சா அது தப்பாட்டம். நாலு தடவைக்குள்ள பாதி மைதானத்தைத் தாண்டணும். தாண்டிட்டா, கடைசிக் கோட்டுக்குப் போக இன்னும் நாலு தடவை. போச்சுன்னா பந்து அவங்களுக்கு. அண்ணி, நீங்கதான் பந்தை எறியறீங்க."

"நானா? எனக்கு ஒரு கல்லைக்கூட ஒழுங்கா எறியத் தெரியாதேடி!"

"யார் எங்க நிக்கிறாங்கன்னு பாத்து அனுப்பறதுதானே உங்க வேலை? அதையேதான் செய்யப் போறீங்க. பந்து கைக்கு வந்ததும் ஏழு நொடிக்குள்ள எறியணும். ஏழு நொடியில நாலு பேரையும் அலசிப் பாக்க நேரமிருக்காது. யாரும் மறிக்காம நிக்கிற ஆள் கண்ணுல பட்டா உடனே எறியுங்க."

முதல் வாரம் கண்றாவி. எறிந்த பந்து பாதி தரைக்கும் பாதி எதிராளிக்கும் போனது. அதுகூடப் பரவாயில்லை. ஒவ்வொரு பந்து வீணானதும் அவள் "ஐயோ, மன்னிச்சிடுங்கப்பா" என்று ஆரம்பிப்பாள். எல்லாரும் வட்டமாய்க் கூடி அடுத்து யார் எங்கே ஓடுவது என்று பேசும்போது அவள் போன பந்திலேயே நிற்பாள். பந்து வந்ததும், யார் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்றே தெரியாமல் முழிப்பாள்.

நாத்தனார் விசிலை ஊதினாள். "இனிமே வட்டத்துல நின்னு போன பந்தைப் பத்திப் பேசுறவங்க மைதானத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு ஓடணும். மன்னிப்புக் கேட்டாலும் ரவுண்டுதான்."

"கேட்காம எப்படிடீ? தப்பு என்னோடதுதானே?"

"உங்களோடதுதான், யாரு இல்லைன்னா? ஆட்டம் முடிஞ்சப்புறம் வீட்டுக்கு வந்து உக்காந்து பேசுவோம், எங்க தப்பாச்சுன்னு ஒண்ணு விடாமச் சொல்றேன். இப்ப வட்டத்துக்கு நடந்து வரும்போது மூச்சை நீளமா வெளிய விடுங்க. இழுக்கறதைப் பத்திக் கவலைப்படாதீங்க, அது தானா வரும். வந்து நின்னதும் என்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லணும். அடுத்த பந்து யாருக்கு?"

ரவுண்டு ஓடியே அவளுக்குக் கால் வீங்கியது. "மனசு சரியாகுதோ இல்லையோ, இடுப்பு சரியாகுது" என்று புருஷன் தைலம் தேய்த்துவிட்டான். ஆனால் அவள் விடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, சுருட்டிய பேண்டேஜ் கட்டைச் சுவரில் எறிந்து பழகினாள். குறி தப்பும்போதெல்லாம் நீளமாய் மூச்சை விட்டு, "அடுத்தது" என்று வாய்விட்டுச் சொன்னாள். வெளியே போன பியூன், அக்காவுக்கு முற்றிப்போச்சு என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தான். சொல்லட்டுமே, சொல்லுகிற வாய்க்குச் சோறா குறைந்துபோகும்?

ஆட்ட நாள் வந்தது. எதிர்க் கட்சியில் ஸ்கேலே இறங்கினார். அரை டிரவுசரில் அவரைப் பார்த்து டிரைவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றார்கள். ஆனால் ஆட்டம் தொடங்கியதும் சிரிப்பு நின்றுபோனது. மனுஷர் காற்றாய் ஓடினார்.

கடைசி நிமிஷங்களில் டிரைவர்கள் ஒரே ஒரு புள்ளி முன்னால். வெண்கலம் பந்தை வாங்கினாள். வலது ஓரத்தில் நெட்டை கையை உயர்த்திக்கொண்டு ஓடினான். எறிந்தாள். நடுவில் எங்கிருந்தோ நீண்ட ஒரு கை பந்தை லவட்டியது. ஸ்கேலின் கை.

நெட்டை தலையில் கைவைத்து நின்றுவிட்டான். மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். ஸ்கேல் பந்தோடு எதிர்க் கோட்டைப் பார்த்துப் பறந்தார். அவருக்கும் கோட்டுக்கும் நடுவில் இருந்தது அவள் ஒருத்திதான். கை மரத்தது, அன்றைக்கு மாதிரியேதான். அடிப்பாவி, மறுபடியுமா என்று மனசு ஆரம்பித்தது. ஆனால் மனசு அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் கால் கிளம்பிவிட்டது. அவரை நேராய்த் துரத்தாமல், அவர் போகப்போகிற இடத்தைப் பார்த்துக் குறுக்கே ஓடினாள். கோட்டுக்கு ரெண்டு அடி இருக்கும்போது பாய்ந்து கொடியை உருவினாள். முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது.

எழுந்து நின்று, இடிந்துபோயிருந்த தன் ஆட்களைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். "என்ன பாத்துட்டு நிக்கிறீங்க? இங்க வாங்க! அடுத்த பந்து!" பழைய வெண்கலக் குரல், மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்டது.

தோற்றுத்தான் போனார்கள். ரெண்டு அடியை எவ்வளவு நேரம் காப்பாற்ற முடியும்? மூன்று தடவை தடுத்தார்கள், நாலாவது தடவை பந்து கோட்டைத் தாண்டிவிட்டது.

குழாயடியில் முட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஸ்கேல் வந்தார். "நல்லா ஓடுனீங்க" என்றார். "ஆனா மைதானம் வேற, போன் வேற."

"வேறதான் சார். இங்க தப்பு பண்ணா யார் உசுரும் போகாது. அதனாலதான் இங்க வந்து கத்துக்கிட்டேன்."

அவர் தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டினார். பிறகு, "திங்கக்கிழமை ஒரு ஷிஃப்ட் தர்றேன். நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். கை நின்னா நான் எடுத்துக்குவேன், அன்னைக்கே ஆர்டர்" என்றார்.

திங்கட்கிழமை சொன்னபடியே நாற்காலியைக் கொண்டுவந்து ஒட்டிப் போட்டு, ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தார். முதலில் ஒரு சைக்கிள் விபத்து, அப்புறம் மூச்சுத்திணறல், சரியாகப் போனது. மூன்றாவது, பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தை மயக்கம். நெட்டையிடம் முன் வாசலுக்குப் போகச் சொல்லி லைனை விட்டதும் அவளுக்கு உறைத்தது. போன் பண்ணியவர் பின் வாசல் என்றல்லவா சொன்னார்? அவள் கை பாதியில் நின்றது. பக்கத்தில் ஸ்கேலின் கை மெல்ல நகர்ந்து லைனை வாங்கும் பொத்தானருகே வந்தது.

அவள் மூச்சை நீளமாய் வெளியே விட்டாள். "நெட்டை, நான் சொன்னது தப்பு. முன் வாசல் இல்லை, பின் வாசல். வண்டியைத் திருப்பு."

"சரிக்கா, திருப்பிட்டேன்."

அதற்குள் அடுத்த போன் அடித்தது. அவள் எடுத்தாள். ஒரு பாட்டி படியில் விழுந்திருந்தாள். அந்த வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று அடித்தது, பாட்டிக்கு வண்டியை அனுப்பிவிட்டு அதையும் எடுத்தாள். ஸ்கேல் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். சத்தம் வராமல் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவருடைய அறைக்குப் போனார். அவர் போனதை அவள் கவனிக்கவே இல்லை.